செம்பருத்தி மேல் குற்றமில்லை

செம்பருத்தியைக் கொதிக்கவிடக் கூடாது, ஐயா. நிறையப் பேர் அங்கேதான் தப்புச் செய்கிறார்கள். தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் காய்ந்த இதழைப் போட்டு மூடிவிட வேண்டும். ஏழு நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினால் புளிப்பு ஏறிப் பல் கூசும். வேலியோரம் பூக்கிற செம்பருத்தி இல்லை இது. இது புளிப்புச் செம்பருத்தி. பூ உதிர்ந்த பின் காயைச் சுற்றி நிற்கும் தடித்த சிவப்பு இதழைத்தான் காயவைத்து விற்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் வேலிப் பூவைப் பறித்துப் போட்டுவிட்டு, ருசியே இல்லை என்று என்னிடம் வந்து குறைபட்டவர்கள் உண்டு.

காலையில் இங்கே எனக்கு வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை அதிகம். குறையாகச் சொல்லவில்லை. என்னைப் போன்ற ஒருவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும். ஆனால் நீங்களும் அதே டீயை இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை குடித்துவிட்டீர்கள். மாடியேறி வந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஒரு நாள் இரத்த அழுத்தம் அளந்து பார்த்துவிடுங்கள். என் கருவியை உங்கள் ஆட்கள் சாட்சிப் பொருளாக எடுத்து வந்திருக்கிறார்கள். அது சரியாகத்தான் காட்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நேற்று நானாகவே நடந்து வந்துதான் இங்கே உட்கார்ந்தேன் என்பதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீர் பம்பு செய்கிற பட்டறையில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். அங்கே நூலிழை பிசகினாலும் பம்பு தண்ணீர் இறைக்காது. அதனால் எனக்கு எதிலும் அளவு முக்கியம். பட்டறைக்கு ஒருமுறை டாக்டர்கள் வந்து எல்லோரையும் சோதித்தார்கள். எனக்கு இரத்த அழுத்தம் நூற்றெழுபது காட்டியது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற வெல்டர் ஒரு பொட்டலத்தை என் சட்டைப் பையில் திணித்து, "தினம் மூணு தம்ளர் குடி, அப்புறம் பாரு" என்றான். நாற்பது நாளில் நூற்று முப்பத்தெட்டு. அந்த நாற்பது நாளும் நான் மாத்திரையும் போட்டேன், உப்பையும் குறைத்தேன், சிகரெட்டையும் விட்டேன் என்பது வாஸ்தவம்தான். ஆனால் எது வேலை செய்தது என்று அவனவன் உடம்புக்குத் தெரியாதா.

பட்டறையை மூடியபோது எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் நிற்கவில்லை. பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் கீழே, எட்டுக்குப் பத்து அளவில் ஓர் இடம் பிடித்து, செம்பருத்தி டீக்கடை போட்டேன். இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, பட்டை இடிக்கிற இரும்பு உரல், சுவரோரம் அழுத்தம் அளக்கிற கருவி. இடப்பக்கம் மருந்துக்கடை. பின்கதவைத் திறந்தால் மாடிக்குப் போகிற இரும்புப் படிக்கட்டு. வருகிறவர்களுக்கு முதல் நாளே அளந்துவிடுவேன். மூன்று வாரம் கழித்து மறுபடி அளப்பேன். பத்துப் பேரில் ஏழு பேருக்கு எண் இறங்கியிருக்கும். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று டிப்போவே என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும்.

இதழ் வருகிற மூட்டையோடு ஒரு தாளும் வரும். மேல் பாதியில் நன்மைகள் இருக்கும். அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், வைட்டமின் சி உண்டு, சாதாரண டீயைப் போலத் தூக்கத்தைக் கெடுக்காது, இப்படி. கீழ்ப் பாதியில் எச்சரிக்கைகள். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. டாக்டர் கொடுத்த மருந்துக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது. நான் படித்துவிட்டேன், ஐயா. ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். பிறகு அளவுகோல் வைத்து, கத்தரிக்கோலால் நேராக இரண்டாக வெட்டி, மேல் பாதியைச் சுவரில் ஒட்டினேன். பொய் எதுவும் எழுதவில்லை. சுவரில் இடம் குறைவு, அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் அவர் சொல்வார். போன வருஷம் அவர் தன் கடை வாசலில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் செம்பருத்தி டீ குடிக்கும்முன் டாக்டரைக் கேட்கவும் என்று. பேர் குறிப்பிடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் வேறு யார் செம்பருத்தி டீ விற்கிறார்கள். போய் நல்லபடியாகத்தான் கேட்டேன்.

"உங்க நல்லதுக்கும் சேத்துதான் எழுதியிருக்கேன். நாளைக்கு யாராவது விழுந்தா உங்க தலையிலதானே விடியும்?" என்றார்.

"என் டீயைக் குடிச்சு யாரும் விழல."

"விழாம இருக்கிறதுக்குக் காரணம் மாத்திரை, அண்ணாச்சி. நீங்களே மாசாமாசம் என்கிட்டதானே மாத்திரை வாங்குறீங்க? நீங்க மட்டும் ஏன் நிறுத்தல?"

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். நான் மாத்திரையை நிறுத்தவில்லை என்பது உண்மை. கடை நடத்துகிறவன் கல்லாவில் மயங்கி விழுந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அது ஒரு பாதுகாப்புக்கு. இதையெல்லாம் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா.

அன்று மதியம் அவர் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தும்போது ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே குனிந்து அடித் தகட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன். எனக்கு இரும்பு பழக்கம். எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அவர் கை கீழே இருந்ததும் தெரிந்தது. வாசல் ஸ்டூலில் ஏறி நின்று ஷட்டரை முழு எடையோடு கீழே இழுத்தேன். நாலு விரல். கத்தினார். ஷட்டரை உடனே தூக்கியிருக்கலாம். அது மறுபடி சிக்கிக்கொண்டுவிட்டதாக நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அட்டையை அவரே அடுத்த நாள் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

செத்துப்போன டிரைவரை டிப்போவில் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல். என் கடைக்குள் வரும்போது ஒவ்வொரு முறையும் நிலையில் தலை இடித்துக்கொண்டு, "இந்தக் கடைக்கும் என் தலைக்கும் என்ன பகைண்ணே" என்பான். நல்லவன். ஓட்டுநர் உடல் தகுதிச் சோதனையில் அவனுக்கு அழுத்தம் அதிகம் என்று வந்துவிட்டது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, பஸ் கழுவப் போக வேண்டியதுதான். டிப்போ டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார். நான் தினம் மூன்று தம்ளர் கொடுத்தேன். மாத்திரையை விட்டுவிடு என்று அவனிடமும் சொன்னேன். அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியாது.

அன்று வெயில் கொளுத்தியது. மத்தியானம் சாப்பிடாமல், வேலை முடிந்து மூன்று மணிக்கு நேரே வந்தான். அந்த நேரத்துக்கு வெயில் கடைக்குள் அடிக்கும் என்பதால் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவைப்பது வழக்கம். வேறு ஆள் இல்லை. தாகத்தில் மடமடவென்று மூன்று தம்ளர் குடித்தான். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான். எழுந்தவன் அப்படியே மடங்கி விழுந்தான். முகம் காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது.

நான் பதறவில்லை. கருவியைக் கட்டினேன். எண்பத்திரண்டுக்கு ஐம்பது. அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்து, சட்டைப் பட்டனைக் கழற்றி விசிறினேன். நினைவு வந்ததும் உப்புப் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் கண்ணில் தெளிவு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நெட்டையை முதலில் காப்பாற்றியது நான்தான்.

உட்கார்ந்ததும் அவன் பேச ஆரம்பித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. டாக்டரம்மா போன வாரமே சொன்னாங்க. மாத்திரை போடுறவன் இதையும் குடிச்சா ரெண்டும் சேந்து பிரஷரைத் தரைக்கு இறக்கிடும்னு. நான்தான் காதுல வாங்கல. நல்ல வேளை, இங்க விழுந்தேன். வண்டி ஓட்டும்போது விழுந்திருந்தா? உள்ள அறுபது பேருண்ணே."

"வெயில்ல வந்தே. சாப்பிடல. அதான்."

"அதுவும்தான். ஆனா சாயங்காலம் டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிடணும். நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு மாத்திரைக்காரங்க. உங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. நீங்களே ஒரு போர்டு எழுதி வச்சிட்டா விஷயம் முடிஞ்சுது."

சரி, எழுதிவிடலாம் என்றேன். மனசுக்குள் வேறு ஒன்றும் அப்போது இல்லை. நம்புங்கள். தம்ளர்களை எடுத்துக் கழுவப் போனேன். அப்போது அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அண்ணிக்கும் மாத்திரையை நிறுத்திட்டு இதைத்தானே குடுத்தீங்க?"

"யாரு சொன்னா?"

"என் சம்சாரம். அண்ணி அவகிட்ட கேட்டாங்களாம். 'அவருக்குத் தெரியாம ஒரு அட்டை மாத்திரை மட்டும் வாங்கிக் குடும்மா'ன்னு. நாங்க அதை வெளையாட்டா எடுத்துக்கிட்டோம். இன்னிக்கு இங்க கண்ணு இருட்டினப்பதாண்ணே எனக்கு அண்ணி ஞாபகம் வந்துச்சு. நாங்க வாங்கிக் குடுத்திருக்கணும். தப்புப் பண்ணிட்டோம்."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் கலங்கினான் என்று நினைக்கிறேன்.

என் மனைவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அவள் வீட்டில் தையல் வைத்திருந்தாள். டிப்போவில் பாதிச் சட்டை அவள் கையால் தைத்ததுதான். அவளுக்கு என்னைவிட அழுத்தம் அதிகம். இரண்டு வேளை மாத்திரை. ஊருக்கெல்லாம் செம்பருத்தி கொடுக்கிறவன் வீட்டிலேயே பெண்டாட்டி மாத்திரை விழுங்குகிறாள் என்றால் நாலு பேர் வாயில் விழுந்து எழ வேண்டியிருக்கும். அதனால் நிறுத்தச் சொன்னேன். அவளும் நிறுத்தினாள். மூன்றாம் நாளே முனக ஆரம்பித்தாள்.

"மண்டைய உள்ளேருந்து யாரோ இடிக்கிற மாதிரி இருக்குங்க. ஒரே ஒரு மாத்திரை போட்டுக்கிறேனே."

"ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ. பழகிடும்" என்றேன்.

பட்டன் டப்பாவுக்குள் அவள் மாத்திரை ஒளித்துவைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கறுப்புப் பட்டன்களுக்கு அடியில் ஒரு அட்டை. அதில் நாலு காலி. நான் கோபத்தில் கை நீட்டுகிறவன் இல்லை. மகளை நூல் வாங்கிவர அனுப்பினேன். பிள்ளை எதிரே எதுவும் கூடாது என்பது என் கொள்கை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, வெட்டுகிற மேஜை மேல் கையை வைக்கச் சொன்னேன். வைத்தாள். துணி அளக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்தேன். தட்டைப் பக்கத்தால் நாலு அடி, காலியான நாலு மாத்திரைக்கு. அதுதான் கணக்கு. அவள் மூன்றாவது அடிக்குக் கையை இழுத்துக்கொண்டதால் விளிம்பு பட்டு மணிக்கட்டு முறிந்தது. நாலாவதை நான் அடிக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் அவளேதான் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு வாரம் நானே டீயைக் குடிப்பாட்டினேன். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரிதான். தாடையின் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒருநாள் சூடு சரியாகப் பார்க்கவில்லை. நாக்கு பொத்துப்போயிற்று. இன்னொரு நாள் தம்ளர் விளிம்பு பட்டு முன்பல் ஒன்று ஆடியது. தம்ளரை மாற்றிவிட்டேன். எட்டாம் நாள் அவளே, "வச்சிட்டுப் போங்க, நான் குடிச்சுக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. நாலு மாதம் அமைதியாக இருந்தது. ஒரு காலையில் தையல் மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். போட்டாள் என்றேன். இரண்டு வருஷமாகிறது.

இப்போது நெட்டை கேட்டதை நினைத்துப் பாருங்கள். என் கடையில், என் தரையில் உட்கார்ந்துகொண்டு, செம்பருத்திதான் அவளைக் கொன்றது என்கிற மாதிரி கேட்கிறான். சாயங்காலம் டிப்போவுக்குப் போவான். அவன் சம்சாரமும் வாயைத் திறப்பாள். அதன் பிறகு ஒவ்வொருவனும் தம்ளரைக் கையில் வாங்கும்போது என் மனைவியைத்தான் நினைப்பான்.

"பிடரியில தண்ணி தெளிக்கிறேன், கொஞ்சம் குனி" என்றேன்.

குனிந்தான். சட்டைக் காலரை அவனே இறக்கிவிட்டுக்கொண்டான். உரலில் இருந்த இரும்பு உலக்கையை எடுத்தேன். ஒரு முழம் இருக்கும், பிடிக்கச் சௌகரியமானது. காதுக்குப் பின்னால் அடித்தேன். இருபத்தாறு வருஷம் இரும்பில் அடித்த கை. எவ்வளவு விசை வேண்டும் என்று கைக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மனுஷ எலும்பு வேறு மாதிரி. சத்தம் பெரிதாக வந்தது, ஆனால் அவன் விழவில்லை. திரும்பி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "அண்ணே" என்றான். திட்டவில்லை. ஸ்டாப் தாண்டிப் போகிற வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி ஒரு குரல். இரண்டாவது அடி நெற்றிப் பொட்டில். அதில் சரிந்தான். நீளமான கால் இரண்டும் உதைத்துப் பெஞ்சு கவிழ்ந்து, தம்ளர்கள் உடைந்தன. சத்தம் வெளியே போகக் கூடாதே என்று மார்பில் முழங்காலை ஊன்றி வாயைப் பொத்தினேன். கட்டை விரலைக் கடித்தான். இந்தக் கட்டு அதற்குப் போட்டதுதான். எலும்புவரை போயிருக்கிறது. மூன்றாவது அடிக்குப் பிறகு பல் தளர்ந்தது.

கருவியை அவன் கையில் கட்டிப் பார்த்தேன். காற்று ஏறியது, இறங்கியது. எண் வரவில்லை. பிழை என்று காட்டியது. இரண்டாவது முறையும் அப்படியே. தரையில் எது டீ, எது இரத்தம் என்று சட்டென்று தெரியவில்லை. கால் வைத்துப் பார்த்தால் தெரியும். டீ பிசுபிசுக்காது.

மாடியில் இருக்கிற தட்டச்சு நிலையத்துக்கு அன்று விடுமுறை. பின்கதவு வழியாக அவனை இழுத்துப் போய் இரும்புப் படிக்கட்டின் அடியில் போட்டு, தலையைக் கடைசிப் படியின் விளிம்பில் வைத்தேன். செருப்பு ஒன்றை மேலே நாலாவது படியில் வைத்தேன். உலக்கையையும் தரையையும் கழுவினேன். சட்டையை மாற்றினேன். பிறகு வெளியே போய்க் கூப்பிட்டேன். மேலே காற்று வாங்கப் போனவன் படியில் தடுக்கி விழுந்துவிட்டான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். படிக்கட்டை வைத்த வீட்டுக்காரனைத் திட்டினார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். கெடுத்தது மருந்துக்கடைக்காரர்தான். அந்த வளைந்த விரல்களோடு வந்து நெட்டையின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஆறடி ஆளு, தினம் பஸ் படியில ஏறி இறங்குறவன், சும்மா தடுக்கி விழுவானா? பிரஷர் இறங்கித் தலை சுத்தியிருக்கும். இந்த டீயும் மாத்திரையும் சேந்தா இப்படித்தான் ஆகும்னு நான் அன்னிக்கே எழுதி வச்சேன். எடுக்க வச்சுட்டாங்க."

ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்க அதே பேச்சு. புதன்கிழமை காலை டிப்போ பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள், எதிர்க் கடைச் செம்பருத்தி டீயை யாரும் குடிக்க வேண்டாம் என்று. டாக்டரம்மாவே கடைக்கு வந்து ஒரு புட்டியில் டீயை நிரப்பி எடுத்துப்போனார். பெஞ்சு காலி. தெருவில் போகிறவர்கள் கடையைக் கைகாட்டிப் பேசிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் நெட்டையின் சம்சாரம் வந்தாள். அழுது ஓய்ந்த முகம். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணியைக் கொண்டுபோனதும் இதுதான். இவரைக் கொண்டுபோனதும் இதுதான். இன்னும் எத்தனை பேரு வேணும் உங்க டீக்கு?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பேர் தாங்காது. ஒருமுறை கெட்ட பேர் ஒட்டிக்கொண்டால் பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. அதனால் வியாழக்கிழமை காலை குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, உலக்கையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். உங்கள் எழுத்தர் முதலில் நம்பவில்லை. போய் ஓய்வெடுங்கள் பெரியவரே என்றார். உலக்கையை மேஜை மேல் வைத்த பிறகுதான் உட்காரச் சொன்னார்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நெட்டை டீயால் சாகவில்லை. டீயும் மாத்திரையும் சேர்ந்ததில் விழுந்தான், கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். நான் அடித்ததால் செத்தான். மூன்று அடி. டிப்போ பலகையில் இதையும் எழுதிப் போடச் சொல்ல முடியுமா என்று நேற்றே கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

இன்று காலை என் மகளைப் பார்க்க அனுமதித்தீர்கள். அதற்கு நன்றி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், பொறுப்பான பெண். கம்பிக்கு வெளியே நின்றாள். அழவில்லை. சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா அந்த டீயைக் குடிக்கவே இல்ல."

"எந்த டீயை?"

"நீங்களா புகட்டினீங்களே ஒரு வாரம், அதோட சரி. அப்புறம் நாலு மாசம் ஒரு வாய்கூடக் குடிக்கல. நீங்க தெருவுல இறங்கினதும் தொட்டியில ஊத்திடுவாங்க. அந்த வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய போயிடுவாங்க."

"அப்ப மாத்திரை?"

"மாத்திரை எங்கேருந்து வரும்? நீங்கதான் தினமும் டப்பா டப்பாவாத் திறந்து பாத்தீங்களே. நான் வாங்கிட்டு வரேன்னு சொன்னேன். 'வேண்டாம், தெரிஞ்சா உன் கையையும் ஒடிச்சுடுவாரு'ன்னுட்டாங்க. தெரு பூரா அம்மா டீயால செத்தாங்கன்னு பேசுது. அப்படி இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். இனிமே வர மாட்டேன்."

போய்விட்டாள். பிள்ளைகள் கோபத்தில் அப்படித்தான் சொல்லும்.

உண்மையைச் சொன்னால், ஐயா, இரண்டு வருஷமாக என் நெஞ்சில் எங்கேயோ ஒரு முள் இருந்தது. ஒருவேளை இதழ் மட்டமோ, ஒருவேளை ஊறியது போதவில்லையோ என்று. இன்று அது போய்விட்டது. குடித்தால்தானே கேட்கும். அவள் குடிக்கவே இல்லை. மகள் போனதும் சுவரில் சாய்ந்து ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன், உங்கள் காவலர் பார்த்திருப்பார்.

வருத்தம் ஒன்றுதான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், நாலு மாதம் தினமும் என்னை ஏமாற்றியிருக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டின புருஷன்தானே. நான் என்ன, அடித்தா விடப் போகிறேன்?